ஃபர்சேக்கன்: கள்ளிக்குடிக்கு ஒரு சொல்

காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே கடைக்கார அண்ணனிடம் கேட்டேன், "கள்ளிக்குடிக்கு ஏன் யாரும் போகலை?" "அங்க யாரு சார் வருவா?" என்றார்.

இங்கிருக்கும் நெரிசலைக் குறைக்க, மதுரை சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் மார்க்கெட் கட்டி 2017-ல் திறந்தார்கள். மொத்த வியாபாரிகள் போகவில்லை. இதை ஆங்கிலத்தில் குறித்துவைக்க 'அபேண்டன்' என்று டைப் செய்து, உடனே அழித்தேன். இருந்துவிட்டுப் போனால்தானே அது? 'டெசர்ட்டட்'டும் அப்படித்தான். கோல்ட்ஸ்மித்தின் 'டெசர்ட்டட் வில்லேஜ்' (1770) கவிதையில் நிறைந்திருந்த ஊர்தான் காலியாகிறது.

மிச்சம் 'ஃபர்சேக்கன்'. சிலுவையில் இயேசு கதறும் இடத்தில் கிங் ஜேம்ஸ் பைபிள் (1611) போடும் சொல் இது. தமிழ் பைபிளில் அங்கே 'கைவிடு' வருவதால் நமக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் 'ஃபர்சகன்' என்றால் மறுப்பது, வேண்டாம் என்பது. அதற்குள் இருக்கும் 'சகன்' வாதாடுவது. 'ஃபார் யுவர் சேக்' என்கிறோமே, அந்த 'சேக்'கும் இதே வேர்தான். ஒரு காலத்தில் வழக்கு என்று பொருள்!

கள்ளிக்குடிக்கு அந்தப் பழைய அர்த்தம் அப்படியே பொருந்துகிறது. அதை விட்டுப் போகவில்லை, வர மறுத்தார்கள். வழக்கும் உண்டு. கொரோனாவில் மூடிய காந்தி மார்க்கெட், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2020 நவம்பரில்தான் திறந்தது.

மொத்த வியாபாரிகள் போயிருந்தால்? இன்றைய அர்த்தத்தில் ஃபர்சேக்கன் ஆகியிருப்பவர்கள், இங்கே மூட்டை தூக்குகிறவர்களும் இந்தக் கத்தரிக்காய் அண்ணனும்தான். கேள்வி கேட்டபோது எனக்கு அது தோன்றவேயில்லை.