பங்குனி வெயிலில் ஒரு வருடச் சமையல்

பங்குனி பாதி தாண்டினால் மொட்டை மாடிப் படிக்கட்டில் நடமாட்டம் கூடிவிடும். ஒருவர் கையில் துவைத்து மடித்த பழைய வேட்டி, இன்னொருவர் கையில் வடாம் கூழ், பின்னாலேயே பிழியும் நாழியைத் தூக்கிக்கொண்டு ஒரு பொடிசு. வெயில் உறைக்கும் முன் பிழிந்து முடித்தாக வேண்டும். அதே வாரத்தில் திண்ணையில் புளியிலிருந்து கொட்டை எடுப்பார்கள். முற்றத்தில் மிளகாய் காயும் நெடி மூக்கைத் துளைக்கும். சந்தைக்குப் போய் வந்தவரிடம் மாவடு வந்துவிட்டதா என்று விசாரணை நடக்கும்.

இளவேனில் என்று பழைய இலக்கண மரபு வகுத்தது சித்திரையையும் வைகாசியையும். சமையலறையின் இளவேனில் அதற்கு ஒரு மாதம் முந்தியே தொடங்கிவிடுகிறது. மாசி, பங்குனியில் இலையுதிர்த்த வேம்பு செம்பு நிறத் தளிர் விட்டுப் பூக்கத் தொடங்கும். மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும். குயில் விடாமல் கூவும். இவை எல்லாவற்றையும் பார்த்து ரசிப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் அந்த வாரங்களை ஜாடியிலும் டப்பாவிலும் பிடித்து வைத்து வருடம் முழுக்கச் சாப்பிடும் வழக்கம் தமிழ் வீடுகளின் பெரிய சொத்து என்றே சொல்லலாம்.

இதற்குப் பின்னால் தெளிவான காரணம் இருக்கிறது. விளைச்சலும் வெயிலும் ஒன்றாக வந்து சேரும் காலம் இது. புளியம்பழம் பறிப்பது மாசி தொடங்கிச் சித்திரை வரை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அந்த மாதங்களில் புளி உடைப்பதே ஊர்த் தொழிலாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி ராமநாதபுரத்து மானாவாரி நிலங்களில் விதைத்த குண்டு மிளகாய் பழுத்துச் சிவந்து களத்துக்கு வருவதும் இப்போதுதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. வெயில் ஏற ஏறத் தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளையும். புளி, மிளகாய், உப்பு மூன்றும் புதிதாகக் கைக்கு வரும்போது, அவற்றைக் காய வைத்துப் பதப்படுத்த வேண்டிய வெயிலும் கூரைக்கு மேலேயே காத்திருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். காய்கறி விலை எகிறும் அந்த நாட்களில் கைகொடுக்கப்போவது பங்குனியில் சேர்த்துவைத்ததுதான்.

புளி வேலையில் அவசரம் கிடையாது. பேச்சுக்கு ஏற்ற வேலை அது. ஓட்டை உடைத்து, நாரை உருவி, அரிவாள்மனையில் கீறிக் கொட்டையை எடுத்துக் கொஞ்சம் கல்லுப்புத் தூவி வெயிலில் காட்டி மண்பானையில் அடைப்பார்கள். நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தால் மத்தியானம் போவதே தெரியாது. யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், எந்த வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்பது வரை அங்கேயே அலசப்படும். கொட்டைகள் பிள்ளைகளுக்கு. பல்லாங்குழிக்குக் கொஞ்சம், ஒரு பக்கம் தேய்த்துத் தாயக்கட்டையாக உருட்டக் கொஞ்சம், வறுத்துத் தின்னக் கொஞ்சம்.

மாவடுவுக்கு அந்த நிதானம் உதவாது. சில வாரங்கள்தான் கிடைக்கும். மாவின் ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில ரகங்களில் ஆயிரத்துக்கும் மேலாகப் பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை காய்க்காத ஆண் பூக்கள். காய் பிடித்தவற்றிலும் பெரும்பகுதி பிஞ்சிலேயே உதிரும். பூத்ததில் நூற்றுக்கு ஒன்றுகூட முழு மாங்காயாக முற்றுவதில்லை. கொட்டை கெட்டிப்படுவதற்கு முந்தைய அந்தப் பிஞ்சுதான் வடு. மதுரைக்காரர்களுக்கு அழகர்மலைப் பக்கத்து வடு என்றால் தனி மதிப்பு. உருண்டை வடு நல்லதா, கிளிமூக்கு வடு நல்லதா என்பதில் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கும். படிக்கணக்கில் அளந்து வாங்கும்போது காம்போடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காம்பு போன இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

வடுவைக் கழுவித் துணியில் உருட்டி ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மிளகாய்த் தூள், மஞ்சள், இடித்த கடுகு சேர்த்து ஜாடியில் போடுவதோடு கைவேலை முடிந்தது. மற்றது உப்பின் வேலை. பிஞ்சுக்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுக்கும். மூன்றாம் நாள் பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே ஜாடியில் பாதி சாறு நிற்கும். வடு சுருங்கிக்கொண்டே போகும். கடுகை இடிக்கும்போது வெளிப்படும் காரப்பொருளுக்கு நுண்ணுயிர்களைத் தடுக்கும் குணம் உண்டு. உப்பு அளவாக இருந்து, ஜாடிக்குள் ஈரக்கரண்டி போகாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த பங்குனி வரை கெடாது. தினமும் ஒரு முறை ஜாடியைக் குலுக்க வேண்டும். பல வீடுகளில் அது தாத்தாவின் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் போல அதைத் தவறாமல் செய்வார். கடைசியில் வடு தீர்ந்தாலும் அந்தச் சாற்றை யாரும் கொட்டுவதில்லை. தயிர்சாதத்துக்கு அதைவிடத் துணை வேறு கிடையாது.

இனி வடாம். இந்தப் பருவத்தின் பெரிய திருவிழா அதுதான்.

அரிசியை ஊறவைத்து அரைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிளறுவார்கள். உப்பு, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், இறக்கும்போது எலுமிச்சைச் சாறு. மாவின் வெண்மை மறைந்து பளபளப்பு வந்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல் இருக்கும் நேரம்தான் பதம். மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பி இளகிவிட்டன என்பதன் அடையாளம் அது. அந்தப் பதம் தப்பினால் வடாம் பொரியாமல் கல்லாகக் கிடக்கும். உப்பு நாக்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிய வேண்டும். காய்ந்து நீர் போனபின் அதே உப்பு கூடுதலாகிவிடும். இந்தக் கணக்கைத் தெரிந்தவர் யாரோ, அவர்தான் அன்றைக்கு வீட்டின் தலைவர். வயதும் படிப்பும் அங்கே செல்லாது.

பிழிந்தது இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வேண்டும். கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவரும் என்பதால் காலை வெயில் முக்கியம். முதல் நாள் மாலையில் துணியைத் திருப்பித் தண்ணீர் தெளித்தால் வடாம் தானாகக் கழன்று வரும். மேல்புறம் காய்ந்து உள்ளே மெத்தென்றிருக்கும் அந்த அரைக் காய்ச்சல் வடாமின் ருசியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பிள்ளைகள் அதற்காகவே மாடியில் காவலுக்குச் சம்மதிப்பார்கள். கறுப்புக் குடை விரித்து வைப்பது, நான்கு மூலையிலும் மிளகாய் வைப்பது என்று காக்கையை விரட்ட ஊருக்கு ஒரு உத்தி. எல்லாவற்றையும் மீறி அது கொத்திக்கொண்டு போவதும் கணக்கில் சேர்ந்ததுதான். நன்றாகக் காய்ந்துவிட்டால் கையில் அள்ளும்போது கலகலவென்று சத்தம் கேட்கும். அப்போதும் உள்ளே கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருக்கும். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் அந்த ஈரம் நொடியில் ஆவியாகி, இறுகிய மாவை உள்ளிருந்து தள்ளுவதால்தான் வடாம் இரண்டு மடங்கு மூன்று மடங்காக விரிகிறது.

பாட்டி காலத்துப் பழக்கம் என்று நினைக்கும் ஜவ்வரிசி வடாமுக்கு உண்மையில் வயது குறைவு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில், இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வரத்து நின்றுபோன 1940களில்தான் சேலத்தில் கால் ஊன்றியது. அந்த உற்பத்தியாளர்களுக்காக 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. புதிதாக வந்த பொருளை இரண்டு தலைமுறைக்குள் பாட்டியின் கைப்பக்குவமாக மாற்றிக்கொண்ட வீடுகளின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்தை நறுக்கி உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் சேர்த்து உருட்டிக் காய வைக்கும் தாளிப்பு வடகமும் ஊர் தாண்டியது. புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குப் போய் அங்கே வடூவான் என்ற மசாலாவாக விற்கிறது.

வேப்பம்பூவுக்கு மட்டும் காசு தேவையில்லை. முதல் நாள் இரவே மரத்தடியில் துணி விரித்து வைத்தால் காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். தேன் மணக்கும் அந்தப் பூவை உலர்த்தி டப்பாவில் போட்டால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். நெய்யில் சிவக்க வறுத்துக் கடைசியில் ரசத்தில் சேர்ப்பார்கள். இலையின் கடுங்கசப்பு பூவில் கிடையாது. சித்திரை முதல் நாள் மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடியில் இதே பூ மிதக்கும். தெலுங்கு வீடுகளின் உகாதிப் பச்சடியிலும் கன்னட வீடுகளின் வேம்பு வெல்லத்திலும் வேம்பு தவறாமல் இருக்கிறது. மூன்று மொழிக்காரர்களின் புத்தாண்டுக்கும் மெனு எழுதிக் கொடுத்தது அந்தந்த வாரத்தில் வாசலில் நின்ற மரம்தான்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பூவுக்கு இன்னும் பெரிய இடம். உளுந்து, வெங்காயம், செத்தல் மிளகாயோடு வேப்பம்பூவைப் பிசைந்து தட்டிக் காய வைக்கும் வேப்பம்பூ வடகம் அங்கத்தைய சோற்றுக்கு உற்ற தோழன். புலம்பெயர்ந்த உறவுகளுக்குப் போகும் பொதியில் மிளகாய்த் தூளோடு அதுவும் போகும்.

வாய்வழியாகவே வந்த இந்தக் கணக்குகளைத் தமிழில் அளவோடு அச்சில் கொண்டுவந்ததில் எஸ். மீனாட்சி அம்மாளுக்கு முக்கியப் பங்கு உண்டு. அவருடைய ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. தனிக்குடித்தனம் போன பெண்களுக்கு மாமியாரும் பாட்டியும் பக்கத்தில் இல்லாத குறையை அந்தப் புத்தகம் தீர்த்தது. இன்றும் கல்யாணச் சீரோடு அதைக் கொடுத்தனுப்பும் வீடுகள் உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கூழ் கிளறிய கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அடுப்பு அனலில் அண்டாவைக் கிளறுவது லேசான வேலையல்ல. வேலைக்கும் போய்க்கொண்டு வடாமும் போட வேண்டும் என்று ஒருத்தியிடம் எதிர்பார்ப்பது அநியாயம். இந்தப் பழக்கம் பிழைக்க வேண்டுமானால் கிளறுவதில் அப்பாவும், பிழிவதில் அண்ணனும் சேர வேண்டும். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுப் பங்கு பிரித்துக்கொள்ளும் பழைய வழி அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் பொருந்தும். மாடி பூட்டிக் கிடந்தால் பால்கனியில் ஒரு தட்டு போதும். ஜவ்வரிசிக் கூழைக் கரண்டியால் பிளாஸ்டிக் விரிப்பில் ஊற்றி, மேலே கொசுவலைத் துண்டு ஒன்றைப் போர்த்தினால் தூசும் காக்கையும் அண்டாது. நேர் வெயில் குறைவாக இருந்தால் ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

தவறவிட்டவர்களும் கவலைப்பட வேண்டாம். மே மாதத் தொடக்கத்தில் அக்கினி நட்சத்திரம் பிறக்கும்போது மாங்காய் முற்றிக் கொட்டை கட்டியிருக்கும், வடுவுக்கு ஆகாது. அதைத் துண்டம் போட்டு உப்பில் ஊறவைத்துக் கத்திரி வெயிலில் காட்டினால் மாங்காய் வத்தல். அதற்குள் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் மோரில் ஊறக் காத்திருக்கும்.