'பூமி உருண்டைன்னா நாம ஏன் கீழ விழலை?' - சின்னக் குழந்தைகளுக்கு பூமியைப் பற்றிப் படிக்கவும் எழுதவும் கற்றுத்தருவது எப்படி?

2004 டிசம்பர் 26. தாய்லாந்தின் புக்கெட் தீவில் உள்ள மைகாவ் கடற்கரை. விடுமுறைக்கு வந்திருந்த பிரிட்டன் குடும்பம் ஒன்று காலையில் கரையோரம் நடந்துகொண்டிருந்தது. கடல் நீர் வழக்கம்போல் வந்து போகாமல், நுரைத்துக்கொண்டு உள்ளே ஏறிக்கொண்டே இருந்ததை அந்த வீட்டின் 10 வயது மகள் டில்லி ஸ்மித் கவனித்தாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் பள்ளியில் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். ஹவாய் தீவைத் தாக்கிய சுனாமியின் வீடியோவும் காட்டியிருந்தார்கள். "சுனாமி வரப்போகுது" என்று அவள் கத்தியதில் முதலில் பெற்றோருக்கே நம்பிக்கை இல்லை. பிறகு ஹோட்டல் ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டு, கடற்கரை காலி செய்யப்பட்டது. சுமார் 100 பேர் உயிர் பிழைத்தார்கள்.

அதே நாளில் தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 'சுனாமி' என்ற சொல்லையே பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

பூமியைப் பற்றிய ஒரு பாடம் எப்போது கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், அந்தப் பாடம் குழந்தையின் தலைக்குள் போய் உட்கார, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. தகவல் கட்டுரையைப் படிப்பது தனித் திறன். எழுதுவது இன்னொரு திறன்.

கதையும் கட்டுரையும் ஒன்றா?

இல்லை. "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்" என்று தொடங்கினால், அடுத்து என்ன நடக்கும் என்பதைக் குழந்தை ஊகித்துவிடும். பாட்டி சொன்ன கதைகளால் வந்த பழக்கம் அது. "நிலத்தடி நீர், மழைநீர் மண்ணுக்குள் ஊடுருவுவதால் உருவாகிறது" என்ற வரிக்கு அப்படிப் பழக்கம் எதுவும் இல்லை. இதில் ராஜாவும் இல்லை, வில்லனும் இல்லை. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற கேள்விக்குப் பதிலாக 'ஏன்?', 'எப்படி?' என்ற கேள்விகள்தான் இதை நகர்த்துகின்றன.

தமிழில் வினைச்சொல்லே மாறிவிடுகிறது என்பது பலர் கவனிக்காத விஷயம். கதையில் 'போனான், வந்தான், இருந்தாராம்'. தகவலில் 'உறையும், கரையும், ஆவியாகும்'. இது நேற்று நடந்ததும் இல்லை, நாளை நடக்கப்போவதும் இல்லை, எப்போதும் நடப்பது. "தண்ணி கொதிச்சா ஆவியாகும்" என்று குழந்தை ஏற்கெனவே பேசும். அதே வடிவம்தான் புத்தகத்திலும் இருக்கிறது என்று ஒருமுறை சுட்டிக்காட்டினால் பாதித் தயக்கம் போய்விடும்.

சின்ன வகுப்புகளில் கதைக்குக் கிடைக்கும் இடம் தகவலுக்குக் கிடைப்பதில்லை என்பது உலகம் முழுக்க உள்ள குறை. அமெரிக்க ஆய்வாளர் நெல் டியூக், 20 முதல் வகுப்பு வகுப்பறைகளில் நேரில் அமர்ந்து கவனித்து 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குழந்தைகள் தகவல் நூல்களோடு செலவிட்ட நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 3.6 நிமிடம்! ஏழைக் குழந்தைகள் அதிகம் படித்த பள்ளிகளில் அதைவிடவும் குறைவு.

தமிழ்நாட்டில் 1 முதல் 3-ம் வகுப்பு வரையான குழந்தைகளுக்காக 2022-ல் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் நோக்கம், 8 வயதுக்குள் எல்லோருக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் கிடைக்க வேண்டும் என்பது. அந்த அடிப்படை கிடைத்ததும் குழந்தை சந்திக்கப்போவது அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை. அவை முழுக்க முழுக்கத் தகவல் கட்டுரைகள்தான். 'தமிழ் நல்லா படிக்கிறான், சயின்ஸ்தான் வரமாட்டேங்குது' என்ற புகார் இங்கிருந்து கிளம்புகிறது.

குழந்தையின் மனதில் பூமி எப்படி இருக்கிறது?

இதுதான் சுவாரஸ்யமான பகுதி. ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 1, 3, 5-ம் வகுப்புகளைச் சேர்ந்த 60 குழந்தைகளிடம் பேசி 1992-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். 'பூமி என்ன வடிவம்?' என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் 'உருண்டை' என்றார்கள். 'அப்படின்னா நேரா நடந்துக்கிட்டே இருந்தா எங்க போய்ச் சேருவ? பூமிக்கு முனை இருக்கா?' என்று அடுத்த கேள்வி கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

சிலருக்குப் பூமி தட்டுபோல வட்டமானது. சிலருக்கு அது உள்ளே காலியான பந்து. அதற்குள் இருக்கும் சமதரையில் நாம் வாழ்கிறோம், மேல்பாதி வானம். இன்னும் சிலருக்கு இரண்டு பூமி! ஒன்று வானத்தில் உருண்டையாக இருக்கிறது, இன்னொன்று நாம் நிற்கிற தட்டையான தரை. கேள்வி கேட்ட விதமே குழந்தைகளைக் குழப்பியிருக்கலாம் என்று பின்னால் வந்த சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். ஆனாலும் ஒன்று உறுதி: 'உருண்டை' என்ற சரியான பதிலுக்குப் பின்னால் வேறொரு படம் ஒளிந்திருக்க முடியும். குழந்தை கண்ணால் பார்ப்பது தட்டையான தரையை, புத்தகம் சொல்வது உருண்டையை. இரண்டையும் பொருத்திப் பார்க்க அது தானாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. இதை முட்டாள்தனம் என்று நினைப்பது பெரியவர்களின் அவசரம்.

தமிழ்க் குழந்தைக்குச் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. கோவை, ஈரோடு பக்கம் "தாத்தாவுக்கு நாலு ஏக்கர் பூமி இருந்துச்சு" என்பார்கள். வீடு கட்டும்முன் 'பூமி பூஜை' போடுகிறோம். அங்கே பூமி என்றால் நிலம். வகுப்பறையில் அதே சொல்லுக்குக் கோள் என்று பொருள். எனவே புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, 'இந்தப் பக்கத்துல பூமின்னா எது? நம்ம நிக்கிற தரையா, முழு உருண்டையா?' என்று கேட்டுவிடுவது நல்லது.

'சுழலுதல்', 'சுற்றுதல்' கதையும் இதேதான். புத்தகத்தில் இரண்டு சொல். பேச்சில் இரண்டுக்கும் 'சுத்துது'தான். பூமி தன்னைத்தானே சுழல்வதால் பகலும் இரவும். சூரியனைச் சுற்றிவர 365¼ நாள். பம்பரத்தை வைத்து முதலாவதையும், கோயில் பிரகாரம் சுற்றுவதை வைத்து இரண்டாவதையும் காட்டலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதைக் காட்ட அங்கப்பிரதட்சணத்தைவிட நல்ல உதாரணம் இல்லை! உருள்கிறவர் தன்னைத்தானே சுழன்றுகொண்டேதான் கோயிலைச் சுற்றுகிறார்.

படத்தையும் படிக்கக் கற்றுத்தர வேண்டுமா?

கண்டிப்பாக. தகவல் நூலில் படம் அலங்காரத்துக்கு இல்லை. அம்புக்குறி, பெயர்க்குறிப்பு, வெட்டுத்தோற்றம், அட்டவணை என ஒவ்வொன்றும் படிக்கப்பட வேண்டியது. பெரும்பாலான வீடுகளில் எழுத்தை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

படமே தப்பான எண்ணத்தையும் விதைக்கும். சூரியனையும் பூமியையும் ஒரே பக்கத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுபோலத் தெரியும். உண்மையில் சூரியனை ஒரு கால்பந்து என்று வைத்தால், பூமி 2 மில்லிமீட்டர் கடுகு. அந்தக் கடுகை வைக்க வேண்டிய இடம் கால்பந்திலிருந்து 23, 24 மீட்டர் தள்ளி. கிரிக்கெட் பிட்ச்சைவிடச் சற்று அதிக தூரம். பள்ளி மைதானத்தில் இதை ஒருமுறை செய்து பார்த்த குழந்தை, அடுத்த முறை புத்தகப் படத்தைப் பார்க்கும்போது 'இது அளவுப்படி இல்ல' என்று தானே சொல்லும்.

அதேபோல, பூமியின் பாதையை நீள்வட்டமாக இழுத்து வரைந்திருப்பதைப் பார்த்து, 'சூரியனுக்குக் கிட்ட வந்தா கோடை' என்று குழந்தை முடிவு செய்துவிடும். பல பெரியவர்களின் எண்ணமும் இதுதான். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நம் ஊர் மார்கழிக் குளிரில். பருவ மாற்றத்துக்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பது.

எழுத வைப்பது எப்படி?

முதலில் ஒரு விஷயம். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து, சார்ட் பேப்பரில் ஒட்டி, அம்மா ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பு எழுதித் தரும் 'ப்ராஜெக்ட்' குழந்தையின் எழுத்து இல்லை. அதில் குழந்தை கற்பது பசை ஒட்டுவது மட்டும்தான்.

சொந்தமாக எழுத, சொந்தமாகப் பார்த்த ஒன்று வேண்டும். மண் அதற்கு வசதியானது, செலவே இல்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு தோட்டத்து மண், மீதி தண்ணீர். மூடி போட்டு நன்றாகக் குலுக்கி, அசைக்காமல் வைத்துவிட வேண்டும். கல்லும் மணலும் சில நிமிடங்களில் அடியில் உட்காரும். அதன்மேல் வண்டல். மிக நுண்ணிய களிமண் துகள்கள் கடைசியில், சில நேரம் மறுநாள்தான், படியும். இலைத் துணுக்கும் வேரும் மேலே மிதக்கும். செம்மண் ஒரு பாட்டில், கரிசல் ஒரு பாட்டில், ஆற்று மணல் ஒரு பாட்டில் என்று வைத்தால் ஒப்பிடவும் முடியும்.

இப்போது குழந்தை படம் வரையட்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதட்டும். எழுத்து முழுதாக வராத 5, 6 வயதில் இதுவே தகவல் கட்டுரைதான். அதற்கு மேல் போக, ஆசிரியரோ பெற்றோரோ குழந்தை சொல்வதை அப்படியே பலகையில் எழுதலாம்: "கல்லு வெயிட்டா இருக்கு. அதான் கீழ போச்சு. எல மேல மெதக்குது."

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 'மெதக்குது தப்பு, மிதக்கிறது எழுது' என்று உடனே சிவப்பு மையை எடுத்தால், அடுத்த வரி வராது. முதலில் பேச்சுத் தமிழிலேயே விஷயம் முழுதாக வெளியே வரட்டும். பிறகு, 'இதையே புத்தகத்துல எப்படி எழுதியிருப்பாங்க?' என்று கேட்டு, இருவரும் சேர்ந்து மாற்றலாம்: "கற்கள் கனமானவை. அதனால் அவை அடியில் படிகின்றன. இலைகள் மேலே மிதக்கின்றன." பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள தமிழ்போன்ற மொழியில், இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்கச் சொல்வது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

'அதனால்', 'ஏனென்றால்', 'ஆனால்' ஆகிய மூன்று சொற்களையும் தனியே சொல்லித்தருவது நல்ல பலன் தரும். தகவல்களை வரிசையாக அடுக்குவதற்கும் ஒன்றை விளக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

எழுதி முடித்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்பது. 'நானே பார்த்தேன்', 'புக்ல படிச்சேன்', 'மாமா சொன்னாரு' - மூன்றும் வேறு வேறு என்று 7 வயதிலேயே தெரிந்துகொள்ளும் குழந்தை, பின்னாளில் வாட்ஸ்அப்பில் வரும் 'நாளை பயங்கர நிலநடுக்கம்' செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு ஃபார்வேர்டு செய்யாது.

அப்படியானால் கதை வேண்டாமா?

அப்படியும் இல்லை. இந்தோனேசியாவின் சிமலூ தீவில் 1907-ல் ஒரு பெரிய சுனாமி வந்தது. அதன் பிறகு அங்குள்ளவர்கள் பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் ஒரு விஷயத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், 'ஸ்மோங்' வருகிறது, மலைக்கு ஓடு. 2004-ல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் அதுவும் ஒன்று. சுமார் 78,000 பேர் வாழ்ந்த அங்கே இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. தகவல் துல்லியமாக இருந்தால், அது பாட்டில் வந்தாலும் பாடப்புத்தகத்தில் வந்தாலும் வேலை செய்யும். கதையைப் படித்துவிட்டு, 'இதுல எது உண்மையா நடக்கிற விஷயம், எது கற்பனை?' என்று பிரித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

படிக்க என்ன கிடைக்கிறது?

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் 'துளிர்' சிறுவர் அறிவியல் மாத இதழ் 1987 முதல் வருகிறது. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்களை இலவசமாக மொபைலிலேயே படிக்கலாம். வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். புத்தகம் எதுவாக இருந்தாலும், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. பொருளடக்கத்தைப் பார்த்து, எரிமலை பிடித்தால் நேராக எரிமலைப் பக்கத்துக்குப் போகலாம். கதைப் புத்தகத்தில் இது நடக்காது.

புத்தகமே இல்லையென்றால் ஒரு குச்சி போதும். வெயிலில் செங்குத்தாக நட்டு, காலை 9 மணிக்கும் நண்பகலிலும் மாலை 4 மணிக்கும் நிழலின் நுனியில் கல் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லலாம். ஆண்டில் இரண்டு நாள் மட்டும் நண்பகலில் அந்தக் குச்சிக்கு நிழலே விழாது. சென்னையில் அது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் வரும். கன்னியாகுமரியில் ஏப்ரலில் சுமார் இரண்டு வாரம் முன்னதாகவும், ஆகஸ்டுக்குப் பதிலாகச் செப்டம்பர் தொடக்கத்தையொட்டியும் வரும். இரண்டு ஊரிலும் உறவினர் குழந்தைகள் இருந்தால், ஒருவருக்கொருவர் எழுதி அனுப்பி, தேதி ஏன் மாறுகிறது என்று அவர்களே கேட்டுக்கொள்ளட்டும்.