கிணற்றுக்குள் ஒரு கண்ணில்லா மீன்

கிணறு இறைத்துச் சேறு வாரும் நாளிலே, வாளியோடு ஏறிவரும் சிற்றுயிர்களை நாம் உற்று நோக்குவதில்லை, வேலிக்கப்பால் வீசிவிடுகிறோம். கேரள நாட்டில் அவ்வாறு வீசப்படாது தப்பிய ஒரு சிறு மீனின் வரலாறு இது.

1950ஆம் ஆண்டில் இந்திய விலங்கியல் அறிஞர் ஏ. ஜி. கே. மேனன், கோட்டயத்துக் கிணற்று மீனொன்றை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். அது ஒரு விரல் நீளமும் இல்லை. கெளிற்றுக்குரிய மீசை உண்டு, கண் இல்லை. தோலுக்கு நிறமின்மையால், உள்ளே ஓடும் குருதியே வெளியே சிவந்து தெரிந்தது. அறிந்த சாதி எதனுள்ளும் அடங்காத அதற்குப் புதிய சாதியொன்றை வகுத்த மேனன், மீனியலில் புகழ்பெற்ற சுந்தர்லால் ஹோராவின் பெயரை இணைத்து ‘ஹோராகிளானிஸ்’ என்றார். ‘கிளானிஸ்’ கெளிற்றுக்குக் கிரேக்கர் இட்ட பெயர்.

உண்மையில் இம்மீனின் வீடு கிணறன்று. கேரளத்துச் செம்புரைக்கல் நுண்ணிய துளைகள் மலிந்தது. அத்துளைகளில் நிற்கும் நிலத்தடி நீரிலே, வெளிச்சமே காணாது, அது வாழ்கிறது. அங்கே வலை வீசுவது எங்ஙனம்? வீட்டார் தோண்டும் கிணறே ஆய்வாளனுக்குச் சாளரம். அதனாற்றான் இரண்டாம் இனம் 2004இலும், அப்துல் கலாமின் பெயர் தாங்கிய மூன்றாம் இனம் 2012இலும் அறியப்படும்வரை அரை நூற்றாண்டுக்கு மேற் காத்திருக்க நேர்ந்தது.

அதன்பின் ஆய்வாளர் சிலர் ஊர்மக்களின் துணையை நாடினர். கிணற்றிலோ நீர்த்தொட்டியிலோ மீனைக் கண்டவர்கள் செய்தி அனுப்பினர். ஆறாண்டு முயற்சியில் 47 புதிய இடங்கள் தெரியவந்தன. எல்லாம் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே!

இனி மாணவர்கள் கவனிக்கவேண்டிய சிக்கல். வகுப்பறையில் நாம் செட்டைக் கதிர்களை எண்ணியும் உடலை அளந்தும் இனம் பிரிக்கப் பழகுகிறோம். இம்மீன்களிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. புறத்தோற்றத்தில் உடன்பிறப்புக்கள்போல் ஒத்திருந்தவை, பரம்பரையலகுகளை ஒப்பிட்டபோது நெடுங்காலம் முன்பே பிரிந்தவை எனத் தெரிந்தன. இருளில் உருவம் மாறவில்லை. உள்ளே மட்டும் மாறியிருக்கிறது. இவ்வாறு 2023இல் நான்காம் இனம் வெளிப்பட்டது. அதன் பெயர் ‘ஹோராகிளானிஸ் பொப்புலி’. ‘பொப்புலி’ என்றால் இலத்தீன் மொழியில் ‘மக்களுடைய’ என்று பொருள். பேராசிரியருக்கும் புரவலருக்குமே பெரும்பாலும் கிட்டும் இப்பெருமை, வாளியை எட்டிப்பார்த்தவர்களுக்குக் கிட்டியது எனக்கு மிகவும் உவப்பாயிற்று.

எனினும் ஒரு கவலை உண்டு. திறந்த கிணற்றைத் தூர்த்துக் குழாய்க்கிணறு இடும் வீடுகளிலே அச்சாளரம் அடைபடுகிறது. கீழே மீன் இன்னும் இருக்கிறதா, நீரோடு அற்றுப்போயிற்றா என்று சொல்ல அங்கே எவரும் இரார்.