நாடியில் கற்ற கணக்கு

உத்தியோகத்தின் பொருட்டுப் புத்தூருக்கு வந்து குடியேறிய நம்மவர் குழந்தைகள் வீட்டில் தமிழும், பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமுமாக வளர்கின்றனர். கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ ஐயம் எழுந்தால் தமிழில் விளக்குவார் அரியர். மெட்ரிகுலேஷனுடன் படிப்பை நிறுத்திய என்னால், ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகளுக்கே உதவ இயலவில்லை.

திருப்பதியில் 1960-ஆம் ஆண்டு ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி தோன்றியது முதல் அந்நகர் வைத்திய மாணவர்கள் பயிலும் இடமாயிற்று. அங்கே பயிலும் தமிழ் மாணவர் ஒருவர், ஞாயிறுதோறும் ரேணிகுண்டா மார்க்கமாக ரயிலில் வந்து பாடம் சொல்ல இசைந்தார்.

முதல் நாள் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. என் மகளை அவளுடைய மணிக்கட்டிலேயே நாடியைத் தொட்டு எண்ணச் சொன்னார். நிமிஷத்திற்கு 72 துடிப்பு. "ஒரு துடிப்பிற்கு இருதயம் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு, சொல்லம்மா?" என்றார். கணக்கென்றாலே கண்ணீர் விடுபவள், நாளுக்கு 1,440 நிமிஷம் என்று பெருக்கி, 7,000 லிட்டருக்கும் மேல் எனக் கண்டு, நெஞ்சில் கை வைத்து வியந்து நின்றாள்.

இடையில் ஒரு மாதம் அவர் வரவில்லை. எனக்கு வருத்தமே. பின்னரே அவருக்கும் பரீட்சை என்பதும், நாம் தரும் சம்பளமே அவருடைய சாப்பாட்டுச் செலவு என்பதும் தெரிந்தன. நாணினேன்.

அன்பர்களே, இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து இத்தகைய மாணவரை அமர்த்துங்கள். சம்பளத்தை மாதத் தொடக்கத்திலேயே கொடுங்கள்; அவருடைய பரீட்சைக் காலத்தில் விடுமுறை அளியுங்கள். நம் பிள்ளை தேறுவதற்காகப் பிறர் பிள்ளை தவறலாகாது.