தொன்மா ஒலி மீட்டுருவாக்கம்

தொன்மா ஒலி மீட்டுருவாக்கம் என்பது, அழிந்துபோன தொன்மாக்கள் அல்லது டைனோசர்கள் எவ்வாறு ஒலி எழுப்பியிருக்கக்கூடும் என்பதை அவற்றின் எலும்பு எச்சங்கள், ஒலியியற் கணக்கீடுகள், இன்று வாழும் உறவினங்களின் குரலுறுப்புகள் ஆகியவற்றைக் கொண்டு உய்த்துணரும் முயற்சி ஆகும். தொல்லுயிரியல், இயற்பியல், கணினியியல் ஆகிய மூன்றும் சந்திக்கும் துறை இது. கடைசித் தொன்மாக்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தன. அவற்றின் குரலைக் கேட்டவர் எவரும் இலர். ஆயினும் அவற்றின் இரு உறவினங்களான பறவைகளும் முதலைகளும் இன்றும் வாழ்கின்றன. தென்காசி, குற்றாலம் பகுதியில் வாழும் ஒரு மாணவர் கூட இத்துறைக்குத் தேவையான சான்றுகளில் ஒரு பகுதியைத் தம் ஊரிலேயே செவிமடுக்க முடியும்.

தமிழில் ஒவ்வோர் உயிரினத்தின் ஒலிக்கும் தனி வினைச்சொல் உண்டு. மயில் அகவும், குயில் கூவும், யானை பிளிறும், சிங்கம் முழங்கும், புறா குனுகும். இவ்வொலி மரபில் தொன்மாவுக்கு இடமில்லை. திரைப்படங்களின் தாக்கத்தால் "கர்ச்சித்தது" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இச்சொல்லுக்கு அறிவியல் சான்று மிகக் குறைவு என்பதைக் கீழே காணலாம்.

திரைப்பட ஒலியும் அறிவியல் ஒலியும்

1993 ஆம் ஆண்டு வெளிவந்த ஜுராசிக் பார்க் திரைப்படத்தில் கேட்கும் டைரனோசாரசின் முழக்கம், ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் உருவாக்கியது. யானைக் குட்டி, புலி, முதலை ஆகியவற்றின் ஒலிப்பதிவுகளைக் கலந்து அது செய்யப்பட்டது. வெலாசிராப்டர்கள் ஒன்றையொன்று அழைக்கும் ஒலிக்கு ஆமைகள் இணையும்போது எழும் ஒலி பயன்படுத்தப்பட்டது. கலைப்படைப்பு என்ற அளவில் இது சிறப்பானதே. ஆனால் யானையும் புலியும் பாலூட்டிகள். தொன்மாக்களுக்கு மிகத் தொலைவான உறவினங்கள். வாயை அகலத் திறந்து முழங்கும் இயல்பை அவற்றிடமிருந்து எடுத்துத் தொன்மாவுக்குப் பொருத்த அறிவியல் இடம் தரவில்லை.

அடிப்படைச் சிக்கல்

இச்சிக்கலை விளங்கிக்கொள்ள நாதசுவரத்தை நினைத்துப் பார்க்கலாம். நாதசுவரத்தில் அதிர்வைத் தோற்றுவிப்பது சீவாளி. அவ்வதிர்வில் சில அதிர்வெண்களை மட்டும் வலுப்படுத்திக் கொடுப்பது உலவு எனப்படும் மரக்குழல். ஒலியை வெளியே பரப்புவது அணசு. நீளம் குறைந்த திமிரி நாதசுவரம் உயர்ந்த சுருதியிலும், நீண்ட பாரி நாதசுவரம் தாழ்ந்த சுருதியிலும் ஒலிப்பதற்குக் காரணம் குழலின் நீளமே. இனி, மண்ணுள் புதைந்து பல கோடி ஆண்டுகள் கழித்து ஒரு நாதசுவரம் கிடைக்கிறது என்று கொள்வோம். உலவு எஞ்சியிருக்கலாம். நாணலால் ஆன சீவாளி எஞ்சாது. குழலை அளந்து எந்தெந்த அதிர்வெண்களில் அது ஒத்ததிரும் என்று கணக்கிடலாம். ஆனால் அதனை வாசித்தவர் எந்த இராகத்தை வாசித்தார் என்றோ, சீவாளியின் தன்மை எவ்வாறிருந்தது என்றோ குழலைப் பார்த்துச் சொல்ல இயலாது.

தொன்மாக்களின் நிலையும் இதுவே. மண்டையோடும் மூக்குக் குழிகளும் எலும்பு, ஆகவே எஞ்சின. அதிர்வைத் தோற்றுவித்த குரல் மடிப்புகளோ மென் திசு. ஆகவே அழுகி மறைந்தன.

ஒலி எழுப்பும் உறுப்பே கடினமானதாக இருந்துவிட்டால் இச்சிக்கல் பெரிதும் குறைகிறது. சீனாவில் கிடைத்த, ஏறத்தாழ 16.5 கோடி ஆண்டுகள் பழமையான ஆர்க்கபாயிலசு மியூசிகசு என்னும் இலை வெட்டுக்கிளியின் சிறகுகளில், ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்பும் பற்கள் அப்படியே படிந்திருந்தன. அவற்றை அளந்து, அது 6.4 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் தூய ஒற்றைச் சுருதியாகப் பாடியிருக்க வேண்டும் என்று 2012 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தொன்மாக்கள் உலவிய காலத்து இரவுகளில் கேட்ட ஒலிகளுள் நாம் ஓரளவு உறுதியுடன் மீட்டெடுத்துள்ளது ஒரு பூச்சியின் பாடலே என்பது சற்றே வேடிக்கையானது.

குழல் கொண்டை உடைய தொன்மாக்கள்

தொன்மா ஒலி ஆய்வில் மிகவும் புகழ்பெற்ற இனம் பாராசாரோலோபசு ஆகும். வட அமெரிக்காவில் ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இத்தாவர உண்ணிக்குத் தலையின் பின்புறமாக வளைந்து நீளும் ஓர் எலும்புக் கொண்டை உண்டு. மூக்குத் துளையில் தொடங்கும் காற்றுக் குழாய் கொண்டையின் நுனி வரை மேலேறி, அங்கே திரும்பி, மீண்டும் கீழிறங்கித் தொண்டையை அடைகிறது. இதன் பயன் குறித்துப் பல கருத்துகள் எழுந்தன. நீருள் மூழ்கும்போது மூச்சுவிட உதவும் குழாய் என்றுகூடச் சிலர் கருதினர். கொண்டையின் நுனியில் துளை இல்லாததால் அக்கருத்து கைவிடப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் விமான் 1931 இல் இதனை ஓர் ஊதுகருவியுடன் ஒப்பிட்டார். 1981 இல் டேவிட் வைசாம்பெல் முறையான கணக்கீடுகளை வெளியிட்டு, பாராசாரோலோபசு வாக்கேரி என்னும் சிற்றினத்தின் குழல் 48 முதல் 240 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை எழுப்ப வல்லது என்று காட்டினார். பிளாஸ்டிக் குழாய்களால் ஒரு மாதிரிக் கொண்டையையும் அவர் செய்து ஊதிக் காட்டினார்.

இக்கணக்கீட்டின் அடிப்படை எளியது. இரு முனையும் திறந்த குழலின் அடிப்படை அதிர்வெண்ணைப் பெற, ஒலியின் வேகத்தைக் குழல் நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, குழலின் மொத்த நீளம் 3 மீட்டர் என்றும் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்றும் கொண்டால், 340 ஐ 6 ஆல் வகுக்க ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆண்களின் இயல்பான பேச்சுக் குரல் பெரும்பாலும் 100 ஹெர்ட்சுக்கு மேல் இருப்பது. இது அதைவிட மிகவும் தாழ்ந்தது. குழல் வளைந்திருப்பதாலோ அகலம் மாறுவதாலோ விடை சற்று மாறும், அவ்வளவே.

1995 இல் நியூ மெக்சிகோவில் ஏறத்தாழ முழுமையான ஒரு கொண்டை கிடைத்தது. நியூ மெக்சிகோ அருங்காட்சியகத்தின் தாமசு வில்லியம்சன், சாண்டியா தேசிய ஆய்வகத்தின் கணினி அறிவியலாளர் கார்ல் டீகெர்ட் ஆகியோர் அதனை சி.டி. ஸ்கேன் செய்து, உள்ளிருக்கும் குழல்களின் முப்பரிமாண வடிவைக் கணினியில் அமைத்து, 1997 இல் அதன் ஒலியை வெளியிட்டனர். குழல்கள் எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானவையாக இருந்தன. இவ்விலங்குக்குக் குரல் மடிப்புகள் இருந்தனவா என்பது தெரியாததால், இருந்ததாகக் கொண்டு ஒன்றும் இல்லாததாகக் கொண்டு மற்றொன்றும் என இரு வகை ஒலிகளை அவர்கள் உருவாக்கினர். தெரியாததை மறைக்காமல் இரு விடைகளையும் தந்த இம்முறை பாராட்டத்தக்கது.

அவ்வாறு ஒலி எழுப்பியிருந்தால் அதைக் கேட்கும் செவியும் இருந்திருக்க வேண்டும். கொண்டையுள்ள தொன்மாக்களின் மண்டையோட்டினுள் உள்ள உட்செவிக் குழியை ஆராய்ந்து 2009 இல் வெளியிடப்பட்ட முடிவுகள், அவற்றின் செவி தாழ்ந்த அதிர்வெண்களைக் கேட்கத் தக்கதாக இருந்ததைக் காட்டுகின்றன. குழலும் செவியும் இவ்வாறு ஒத்துப்போவது இத்துறையின் வலுவான சான்றுகளுள் ஒன்று.

அமெரிக்க இசைக்கலைஞர் கோர்ட்னி பிரவுன், கொரித்தோசாரசு என்னும் இனத்தின் மண்டையோட்டு மாதிரியை இசைக்கருவியாக்கியுள்ளார். 2024 இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஹோங்ஜுன் லின், பாராசாரோலோபசின் கொண்டையைக் குழாய்களால் எளிமைப்படுத்தி, ஒலிபெருக்கியால் அதிரவைத்து ஒத்ததிர்வுகளை அளந்த ஆய்வை முன்வைத்தார்.

குரலுறுப்பின் எச்சங்கள்

பறவைகள் ஒலி எழுப்புவது, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள கீழ்க்குரல்வளையால். முதலைகளும் மனிதரும் பயன்படுத்துவது மூச்சுக்குழலின் மேல் முனையில் உள்ள குரல்வளை. அண்டார்க்டிக்காவின் வேகா தீவில் கிடைத்த வேகாவிசு என்னும் பண்டைய பறவையின் எச்சத்தில் கீழ்க்குரல்வளை இருப்பதை சூலியா கிளார்க் குழுவினர் 2016 இல் அறிவித்தனர். அறியப்பட்டவற்றுள் மிகப் பழமையான கீழ்க்குரல்வளை இதுவே. பறவையல்லாத தொன்மா எதிலும் இவ்வுறுப்பு கிடைக்கவில்லை. மங்கோலியாவில் கிடைத்த பினாகோசாரசின் குரல்வளை எலும்புகள் 2023 இல் விவரிக்கப்பட்டன. அவை பெரியனவாகவும் அசையத்தக்கனவாகவும் இருந்ததால், பறவைகளைப் போல ஒலியை மாற்றியமைக்கும் திறன் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். 2025 இல் சீனாவின் பூலாவோசாரசு என்னும் சிறிய தொன்மாவிலும் எலும்பாகிய குரல்வளைப் பகுதிகள் விவரிக்கப்பட்டன.

ஒலி குரலால் மட்டுமே எழவேண்டும் என்பதும் இல்லை. நீள்கழுத்துத் தொன்மாக்கள் வாலைச் சாட்டை போல் வீசி ஒலியின் வேகத்தை மிஞ்சும் வெடிப்பொலியை எழுப்பின என்று 1997 இல் ஒரு கணினி மாதிரி கூறியது. 2022 இல் எலும்பு, தோல், தசைநார் ஆகியவற்றின் வலிமையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, வால்நுனி நொடிக்கு 30 மீட்டர் வேகத்தை ஒட்டியே செல்ல முடியும் என்று தெரிந்தது. ஒலியின் வேகத்தில் இது பத்தில் ஒரு பங்கும் இல்லை. கணினி மாதிரிக்குள் எதை இடுகிறோமோ அதற்கேற்பவே விடை வரும் என்பதை மென்பொருள் எழுதுவோர் நன்கறிவர்.

வாழும் உறவினங்கள்: தென்காசியிலும் குற்றாலத்திலும்

பறவைகளிடமும் முதலைகளிடமும் பொதுவாக உள்ள ஓர் இயல்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட தொன்மாக்களிடமும் இருந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. இவ்வடிப்படையில் 2016 இல் வெளியான ஓர் ஆய்வு, 208 இனங்களை ஆராய்ந்து அவற்றுள் 52 இனங்கள் வாயை மூடிக்கொண்டே ஒலி எழுப்புவதைக் கண்டது. காற்று வெளியேறாமல் தொண்டைப் பை உப்ப, அதன் தோல் வழியே தாழ்ந்த ஒலி பரவும். உடல் பெருத்த இனங்களிடம் இவ்வியல்பு கூடுதலாகக் காணப்பட்டது. எனவே பெரிய தொன்மாக்களுள் சிலவும் இவ்வாறே ஒலித்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இதற்கான எளிய எடுத்துக்காட்டு கோவில் கோபுரங்களில் அடையும் மாடப்புறா. தென்காசியில் புறா குனுகும்போது உற்று நோக்கினால் அலகு மூடியிருப்பதையும் கழுத்து உப்பி அடங்குவதையும் காணலாம். இதே முறையைப் பல டன் எடையுள்ள உடலுக்குப் பெருக்கிப் பார்த்தால், கிடைப்பது முழக்கம் அன்று. தரையோடு வரும் ஆழ்ந்த குனுகல்.

தென்காசியைச் சுற்றியுள்ள வயல்களிலும் குன்றுகளிலும் மயில்கள் மிகுதி. அகவல் ஒலி நாமறிந்ததே. ஆனால் தோகையை விரித்து உலுக்கும்போது ஆண்மயில் 20 ஹெர்ட்சுக்கும் கீழான, மனிதச் செவிக்குக் கேட்காத ஒலியையும் எழுப்புகிறது என்றும், பிற மயில்கள் அதற்கு எதிர்வினை காட்டுகின்றன என்றும் 2015 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சிறகுள்ள தொன்மாக்கள் பல இருந்தமையால் இது கருதத்தக்கது. மாணவர்கள் மயிலின் அகவலைக் கைபேசியில் பதிந்து, ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருளில் அதன் அதிர்வெண் வரைபடத்தைப் பார்க்கலாம். தோகையின் கேளா ஒலியைக் கைபேசியின் ஒலிவாங்கி கொண்டு நம்பத்தக்க வகையில் அளக்க இயலாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

குற்றாலத்துக்கு மேலே விரியும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இருவாட்சியின் வாழிடம். அதன் அலகின் மேலுள்ள கொண்டை பெரும்பாலும் உள்ளீடற்றது. குரலை வலுப்படுத்த அது உதவக்கூடும் என்று கருதப்படுகிறது. பாராசாரோலோபசின் கொண்டையோடு இதனை ஒப்பிடத் தோன்றும். எனினும் இருவாட்சியின் கொண்டை மூச்சு செல்லும் நீண்ட குழல் அன்று என்ற வேறுபாட்டை மறக்கலாகாது.

முதலைக்கு மட்டும் சற்றுத் தொலைவு செல்லவேண்டும். சென்னைக்குத் தெற்கே 1976 இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலைகளைக் காணலாம். முதலை இனங்களுள் அமெரிக்க அலிகேட்டர் ஒலி எழுப்பும்போது, கேளா ஒலியின் அதிர்வால் முதுகின் மேலுள்ள நீர் துள்ளித் தெறிக்கும். 2015 இல் ஒரு சீன அலிகேட்டரை ஈலியமும் ஆக்சிசனும் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, அதன் குரல் ஒத்ததிர்வுகள் உயர்வதைக் காட்டினர். முதலையின் தொண்டையும் ஊதுகுழலின் விதிக்குக் கட்டுப்பட்டது என்பது இதனால் உறுதியாயிற்று.

தமிழகத்தின் தொன்மாக்கள்

தென்காசி, குற்றாலம் பகுதியில் தொன்மா எச்சங்கள் கிடைக்க வாய்ப்பில்லை. அருவிகள் விழும் அப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. எலும்பைப் பொதிந்து வைப்பவை படிவுப் பாறைகள். தமிழகத்தில் அத்தகைய பாறைகள் அரியலூர்ப் பகுதியில் உள்ளன. அங்குள்ள கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1987 இல் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் புருகத்காயோசாரசு என்னும் தொன்மாவை விவரித்தனர். அதன் கணைக்கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுடையது. முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட இது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணியாக வகைப்படுத்தப்பட்டது. உலகின் மிகப் பெரிய நில விலங்குகளுள் ஒன்றாக இருந்திருக்கலாம்.

நீண்ட கழுத்தினுள் நீண்ட மூச்சுக்குழல் இருந்திருக்கும். ஆகவே அதன் ஒத்ததிர்வுகள் மிகத் தாழ்ந்தவையாக இருந்திருக்கும். இவ்வளவே இன்று சொல்லக்கூடியது. இதன் மண்டையோடு கிடைக்கவில்லை, குரல்வளை கிடைக்கவில்லை. கிடைத்த எலும்புகளும் எளிதில் நொறுங்கும் நிலையில் இருந்ததால் சிதைந்து அழிந்துபோயின என்று 2017 இல் தெரியவந்தது. 2022 இல் பழைய ஒளிப்படங்கள் வெளியிடப்பட்டதால் அவை எலும்புகளே என்பதற்குச் சான்று கிடைத்தது. ஒளிப்படத்தை சி.டி. ஸ்கேன் செய்ய முடியாது. நியூ மெக்சிகோவின் கொண்டைக்குச் செய்ததைக் கல்லமேட்டுத் தொன்மாவுக்குச் செய்யவேண்டுமெனில், புதிய எலும்புகள் அதே பாறைகளிலிருந்து வெளிப்பட வேண்டும். அப்பாறைகளிலிருந்து துரூடான் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய ஊனுண்ணித் தொன்மா ஒன்றின் பல் 2013 இல் விவரிக்கப்பட்டது.