‘ரன்’ எங்கெல்லாம் ஓடுகிறது?

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்ற கேள்விக்கு வெகுகாலம் ‘செட்’ என்பதே பதிலாக இருந்தது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் வினைவடிவத்துக்கு மட்டும் 430க்கும் மேற்பட்ட பொருள்கள் தரப்பட்டிருந்தன. அகராதியைத் திருத்தும் பணி தொடர்ந்தபோது ‘ரன்’ அதை முந்தியது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். அந்த ஒரு பதிவை எழுதி முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன. இந்த எண்ணைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் உண்டு. மலைக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். 645 என்பது ஒரு நீண்ட பரப்பை அகராதியாளர் எங்கெங்கே பிரித்தார் என்பதன் கணக்கு. ஆங்கிலம் பேசுகிற யாரும் இத்தனை பொருள்களையும் மனத்தில் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு பேசுவதில்லை.

பரப்பு எப்படி விரிந்தது என்று பார்த்தால் இது விளங்கும். காலால் ஓடுவதும் ஆறு ஓடுவதும் இந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள்கள். இரண்டிலும் தங்குதடையில்லாத தொடர்ச்சி இருக்கிறது. அந்தத் தொடர்ச்சி ரயிலுக்கும் இயந்திரத்துக்கும் போயிற்று, பிறகு கணினி நிரலுக்கும் போயிற்று. இயந்திரத்தை ஓட்டுகிறவர் இருப்பதால், கம்பெனியை நடத்துவதும் ‘ரன்’ ஆயிற்று. சாலையோரமாக நீண்டு செல்லும் வேலிக்கும் அதே சொல்தான். அங்கே அசைவது பார்ப்பவரின் கண் மட்டுமே. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வங்கியைப் பற்றிய வழக்கு. வங்கி மூழ்கிவிடும் என்று பயந்து போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பதை ‘பேங்க் ரன்’ என்பார்கள். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். யாரும் ஓடவில்லை, ஆனாலும் அது ‘ரன்’. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். பெரும்பாலும் கணினி, கைபேசி வழியாகத்தான். வரிசையில் நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அதுவும் ‘ரன்’. காலும் வரிசையும் போன பிறகும் பதற்றமும் வேகமும் மிஞ்சின, சொல்லுக்கு அவையே போதுமானவையாக இருந்தன.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள கோளாறு என்று சொல்ல முடியாது. அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பொருளும் அதிகம் என்பதை மொழியியலாளர் ஜார்ஜ் ஜிப்ஃப் 1945இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். நம் ‘ஓடு’ என்ன செய்கிறது? படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, கவலையில் ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது. ஆமையின் ஓடும் கூரையின் ஓடும் இந்தக் கூட்டத்தில் சேராது. ஒலி ஒன்றாக இருந்தாலும் அது வேறு சொல், அகராதியிலும் அதற்குத் தனி இடம்தான். ஒரே சொல் பல பொருளுக்கு விரிவதும், வெவ்வேறு சொற்கள் ஒரே ஒலியில் வந்து சேர்வதும் வேறு வேறு சங்கதிகள்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். எல்லாம் ஒரே கருத்தின் விரிவு என்றால், ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை ஊகித்துவிடலாமே, ஏன் முடிவதில்லை? உண்மைதான், முடிவதில்லை. தேர்தலில் அமெரிக்கர் ‘ஓடுகிறார்’, பிரிட்டிஷ்காரர் ‘நிற்கிறார்’. செயல் ஒன்றுதான், தமிழரும் நிற்கவே செய்கிறோம். ஆங்கிலத்தில் மூக்கு ‘ஓடும்’, தமிழில் ஒழுகும். அங்கே துணியின் சாயம் ‘ஓடும்’, இங்கே போகும். காய்ச்சலுக்கும் அவர்கள் ‘ரன்’ போடுவார்கள். நமக்கோ காய்ச்சல் அடிக்கும், வெயிலும் அடிக்கும், லாட்டரியும் அடிக்கும். மூலக்கருத்து, நடந்து முடிந்த விரிவுக்குக் காரணம் சொல்லும். அடுத்து எந்தப் பக்கம் விரியும் என்பதை அந்தந்த ஊரின் வழக்கம்தான் தீர்மானிக்கிறது.

அதனால்தான் சொல்லைத் தனியாகப் பிடிக்காமல், அதனோடு சேர்ந்து வரும் சொற்களோடு பிடிக்க வேண்டும் என்கிறேன். ஒரு சொல்லை அறிய அதன் கூட்டாளிகளைப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் முன்வைத்தார். இத்தனை பொருள் இருந்தால் குழப்பம் வராதா என்ற சந்தேகத்துக்கும் விடை இதிலேயே கிடைக்கிறது. ‘ரன்’ அருகில் ‘கம்பெனி’ வந்தால் நடத்துவது, ‘காய்ச்சல்’ வந்தால் உடம்பு சுடுவது. பக்கத்துச் சொல் வந்த கணமே மற்றப் பொருள்கள் விலகிவிடுகின்றன. குழப்பம் பெரும்பாலும் தலைப்புச் செய்தி போன்ற துண்டு வாக்கியங்களில்தான் வருகிறது. நம் பள்ளிப் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணம் வேறு. ‘ரன் என்றால் ஓடு’ என்று ஒற்றைக்கு ஒற்றையாக எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொருளோடு நிறுத்தாமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தந்தது. பிள்ளைகளின் ஆங்கில நோட்டிலும் அப்படியே ‘ரன்’ தனியாக இல்லாமல் கடை, காய்ச்சல், பஸ், தேர்தல் என்று துணையோடு, வாக்கியம் வாக்கியமாக ஏறட்டும். அன்றாடம் காதில் விழும் இருபது வாக்கியங்களைத் தெரிந்துகொண்ட பிள்ளை, இருபத்தோராவதைக் கேட்கும்போது அகராதியைப் புரட்டாமலேயே பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.