உத்தியோகமும் வாழ்வுப்பணியும்
பல்கலைக்கழக மாணவரின் தொழிற்றெரிவு பற்றிய ஒரு நோக்கு

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழியாகும். அரசாங்க உத்தியோகத்தின் மீதுள்ள மோகத்தை எள்ளி நகையாடவே இதனை நாம் பெரும்பாலும் எடுத்தாளுகின்றோம். ஆயின் இம்மோகத்திற்கு ஒரு பொருளாதார அடிப்படை இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. வற்றாத ஆறுகள் அற்ற, நிலம் சுருங்கிய ஒரு குடாநாட்டிலே மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் மழையை நம்பியிராத வருவாயாக அமைந்தன. ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞரைக் குடியேற்ற ஆட்சி வேண்டி நின்றது. கல்விக்கூடங்கள் அவர்களை உருவாக்கின. கல்வி என்பது உத்தியோகத்திற்கான வாயில் என்னும் கருத்து இவ்வாறே வேரூன்றியது.

1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வியும், தாய்மொழிப் போதனையும், 1960களிலே கலைப்பீடங்களிற் சுயமொழிகள் இடம்பெற்றமையும் அவ்வாயிலை அகலத் திறந்தன. ஆனால் வாயிலுக்கு அப்பால் இருந்த மண்டபம் அதற்கேற்ப விரிவடையவில்லை. பெருந்தோட்ட ஏற்றுமதியை நம்பியிருந்த பொருளாதாரம் கற்றோர் தொகைக்கு ஈடாக வேலைகளைத் தோற்றுவிக்கவில்லை. தமிழ் மாணவரைப் பொறுத்தவரையில், 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அம்மண்டபத்தை மேலும் சுருக்கியது. 1971ஆம் ஆண்டு ஏப்ரிற் கிளர்ச்சியிலே படித்த கிராமப்புற இளைஞர் பெருமளவிற் பங்குகொண்டனர். அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு வெளியிட்ட அறிக்கை, வேலைவாய்ப்புகளுக்கும் இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையை விரிவாக ஆராய்ந்தது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைகளிற் புகுத்தியது. 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இன்று மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தை அடையும் வழியை நோக்குவோம். ஏறத்தாழ பதினாறு வயதில் அவர் உயர்தரத்திற்குரிய பாடத்துறையைத் தெரிகிறார். பின்னர் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் அவரது கற்கைநெறியைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. ‘எதனை விரும்புகிறாய்?’ என்று அவரிடம் எவரும் வினவுவதில்லை, ‘என்ன கிடைத்தது?’ என்றே வினவுகின்றனர். பல்கலைக்கழகங்களிலே தொழில் வழிகாட்டற் பிரிவுகள் இயங்குகின்றன. எனினும் பெரும்பாலான மாணவர் அவற்றை நாடுவது இறுதியாண்டிலேயே. அதுவும் சுயவிபரக்கோவை தயாரிக்கவும் நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாகவுமே. வினாவை எழுப்ப வேண்டிய காலம் கடந்த பின்னர் விடையைத் தேடுவதை ஒத்தது இது.

உத்தியோகமும் வாழ்வுப்பணியும் ஒன்றல்ல என்பதற்கு எமது வரலாற்றிலேயே சான்றுண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை அரசாங்கக் கணக்குத் துறையிலும், பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். ஆனால் 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய பதிப்பாசிரியராகவே தமிழுலகம் அவரை நினைவுகூருகின்றது. அப்பணியின் ஆற்றல் ஏடுகளோடு ஆண்டுக்கணக்கில் உழைத்ததனால் வளர்ந்தது. நாட்டம் என்பது உள்ளத்தின் ஆழத்தில் ஒளிந்து கிடக்கும் புதையலன்று. வேலையோடு ஏற்படும் தொடர்பிலேயே அது உருப்பெறுகின்றது. வேலையையே காணாத மாணவரிடம் ‘உன் நாட்டம் யாது?’ என்று கேட்பது பயனற்றது.

இதிலிருந்து மூன்று செயல்முறைகள் பெறப்படுகின்றன. முதலாவது, முதலாம் ஆண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் பல்வேறு தொழில்களில் ஈடுபட்டிருப்போரைச் சந்தித்து, அவர்களது ஒருநாள் வேலை எத்தகையது, அதனை எவ்வாறு கற்றனர், அதில் வெறுப்பது எது என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். இரண்டாவது, இடையாண்டுகளிற் சில வாரங்களேனும் ஒரு பணிக்களத்தில் உழைத்தல் வேண்டும். அவ்வனுபவத்தை விரிவுரையாளருடன் கலந்துரையாடுதல் அதனைவிட முக்கியமானது. மூன்றாவது, முன்னைய பட்டதாரிகள் இன்று என்ன செய்கின்றனர் என்ற விபரத்தைத் துறைகள் திரட்டி, மறைக்காது மாணவர் முன் வைத்தல் வேண்டும்.

தமிழ்த்துறை மாணவரை உதாரணமாகக் கொள்வோம். ஆசிரியத் தொழிலன்றி வேறொன்றும் அவருக்குத் தோன்றுவதில்லை. ஆயின் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அதனை நடைமுறைப்படுத்த மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகின்றனர். 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம ஆவண முயற்சிகளோ, வர்த்தமானியில் என்றும் விளம்பரப்படுத்தப்படாத ஒரு பணித்துறையையே உருவாக்கியுள்ளன. மூலபாடத்தை நுணுகி வாசிக்கும் பயிற்சி இவ்விரண்டிற்கும் அடிப்படையாகும். அத்துடன் சிங்கள, ஆங்கில அறிவும் கணினிப் பயிற்சியும் சேருமாயின் அவரது பட்டம் புதியதொரு பொருளைப் பெறும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. வழிகாட்டல் வேலைகளை உற்பத்தி செய்வதில்லை. வேலையற்ற பட்டதாரியை நோக்கி, ‘உனக்குத் திறன் போதாது’ என்று கூறிவிட்டுப் பொருளாதார அமைப்பின் குறைபாட்டை மறைப்பது எளிது. அத்தகைய வழிகாட்டல் ஆறுதலின் வடிவிலே வழங்கப்படும் குற்றச்சாட்டேயாகும். பட்டதாரிகள் வீதியில் அமர்ந்து போராடுவதும், அரசு காலத்துக்குக் காலம் அவர்களைப் பயிலுநராகச் சேர்ப்பதும் மாறிமாறி நிகழும் நாட்டிலே, திட்டமிட்ட வேலைவாய்ப்புக் கொள்கையைக் கோரும் உரிமையை மாணவர் கைவிடலாகாது.

எனினும் அக்கோரிக்கையை எழுப்புவதற்கும் உழைப்பின் உலகை அறிந்திருத்தல் வேண்டும். தன் உழைப்பு எங்கு, யாருக்கு, எவ்வாறு பயன்படும் என்பதை அறிந்த மாணவரே ‘என்ன கிடைக்கும்?’ என்ற வினாவைக் கடந்து, ‘என்ன செய்யப்பட வேண்டும்?’ என்று கேட்க வல்லவராவார். அவ்வினாவை முதலாம் ஆண்டிலேயே எழுப்பச் செய்வது ஆசிரியராகிய எமது கடமையாகும்.